குழாய் வைத்துக் கேட்பது எப்படி: வன்னி ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நெஞ்சில் ஸ்ரெதஸ்கோப் குழாயை வைப்பதற்கு முன், முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். யன்னல் வீதிப் பக்கம் இருந்தால் அதையும் சாத்துங்கள். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஏ9 வீதியை ஒட்டிய அறை என்றால், லொறி கடந்து போகும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இதயத்தின் கதவுகளான வால்வுகளில் வரும் நோயின் சத்தங்களில் ஆபத்தானவை சில மிக மெல்லியவை. மின்விசிறி சுற்றும் அறையில் அவை காதில் விழவே மாட்டா.

வன்னியில் முதல் நியமனம் கிடைத்து வரும் வைத்தியர்களையும், தாதியரையும், பயிற்சிக்கு வரும் மாணவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புத்தகத்தில் எல்லாம் படித்திருப்பீர்கள். ஆனால் முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு தாய் உங்கள் முன்னால் வந்து அமரும்போது பக்கத்து அறையில், இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ இயந்திரம் இருக்காது. எக்கோவுக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று உங்கள் காதை நம்பித்தான் முடிவெடுப்பீர்கள். தேவையில்லாமல் அனுப்பினால் அவருடைய ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், பிள்ளைகளை அயல்வீட்டில் விட வேண்டும். அனுப்ப வேண்டியவரை அனுப்பாமல் விட்டால் உயிர் போகலாம்.

ஒடுக்கமும் ஒழுக்கும்

குளங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு வால்வைப் புரியவைப்பது சுலபம். அகலமான வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடும். அதே தண்ணீரை ஒடுங்கிய மதகுக்குள்ளால் விட்டால் இரையும். மூடிய கதவின் பலகை உக்கிக் கீழால் ஒழுகினாலும் இரையும். இதயத்திலும் இந்த இரண்டு கோளாறுகள்தான்: கதவு சரியாகத் திறக்காத ஒடுக்கம், கதவு சரியாக மூடாத ஒழுக்கு. சிலருக்கு ஒரே கதவில் இரண்டும் இருக்கும். ஒழுங்காக ஓடிய இரத்தம் அங்கே குழம்பிச் சுழல்வதைத்தான் வாட்டில் ‘மேர்மர்’ என்கிறோம். நான் இங்கே இரைச்சல் என்றே எழுதுகிறேன்.

இதயத்துக்கு நான்கு கதவுகள். மேல் அறையான சோணையறையிலிருந்து கீழ் அறையான இதயவறைக்குள் இரத்தம் வரும் உள்வாசலில் இரண்டு: இடப்பக்கம் மைற்றல் என்னும் இருகூர் வால்வு, வலப்பக்கம் முக்கூர் வால்வு. இதயவறையை விட்டு இரத்தம் போகும் வெளிவாசலில் இரண்டு: இடப்பக்கம் பெருநாடி வால்வு, வலப்பக்கம் நுரையீரல் நாடி வால்வு. இதயவறை சுருங்கத் தொடங்கும்போது உள்வாசல்கள் மூடும், அது ‘லப்’. சுருங்கி முடிந்ததும் வெளிவாசல்கள் மூடும், அது ‘டப்’.

இனி இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். லப்புக்கும் டப்புக்கும் நடுவே இதயவறை சுருங்குகிறது. அப்போது வெளிவாசல் திறந்திருக்க வேண்டும், உள்வாசல் மூடியிருக்க வேண்டும். ஆகவே அந்த இடைவெளியில் இரைச்சல் வந்தால், ஒன்றில் வெளிவாசல் ஒடுங்கியிருக்கிறது, அல்லது உள்வாசல் ஒழுகுகிறது. டப்புக்குப் பிறகு இரைச்சல் வந்தால் இது தலைகீழ்: உள்வாசல் ஒடுங்கியிருக்கிறது, அல்லது வெளிவாசல் ஒழுகுகிறது. இந்தக் கணக்கு கைவந்தால் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. நேரத்தைப் பிடிக்காமல் இரைச்சலின் பெயரைத் தேடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை.

காதுக்கு முன் கை

குழாயைக் காதில் மாட்டும்போது அதன் நுனிகள் உங்கள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் சத்தம் பாதியாகக் குறையும். தகடு உள்ள பெரிய பக்கம் கீச்சுச் சத்தங்களுக்கு, அதை அழுத்திப் பிடியுங்கள். கிண்ணம் போன்ற சிறிய பக்கம் தாழ்ந்த சத்தங்களுக்கு, அதை மெல்லத் தொட்டாற் போல வையுங்கள். அழுத்தினால் கீழே தோல் இறுகி அதுவும் தகடாகிவிடும். ஒரே பக்கமுள்ள குழாய் வைத்திருப்பவர்கள் மெல்ல வைத்தும் அழுத்தி வைத்தும் கேட்கலாம்.

சட்டைக்கு மேலால் கேட்காதீர்கள். இது பெண்களைப் பார்க்கும்போதுதான் அதிகம் நடக்கிறது. கூச்சம் இரு பக்கமும் இருக்கிறது, எனக்குத் தெரியும். மறைப்பை இழுத்துவிடுங்கள், ஒரு தாதியையோ குடும்பநல மாதுவையோ பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், பிறகு சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்: “அம்மா, நெஞ்சில குழாய் வைச்சுக் கேக்கப்போறன், சட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிடுறீங்களோ?” இப்படிக் கேட்டு மறுத்தவர்கள் மிகக் குறைவு. தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். அதைத் தோள் பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும். கொடி குழாயில் உரசினால் வால்வு சொடுக்கும் சத்தம் போலவே கேட்கும், நன்றாக ஏமாந்துபோவீர்கள்.

அடுத்து நாடியைப் பிடியுங்கள். ஒழுங்காக அடிக்கிறதா, தாறுமாறாக அடிக்கிறதா? உள்ளங்கையை நெஞ்சில் வையுங்கள். இதய நுனியின் துடிப்பு எங்கே படுகிறது, கைக்குள் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரிகிறதா? அதிர்வு தெரிந்தால் இரைச்சல் ஆறில் நான்காம் தரத்துக்குக் குறையாது. ஆறு தரமாகப் பிரிக்கும் இந்த முறை 1933 முதல் இருக்கிறது.

இடங்களைக் கண்டுபிடிக்கத் தொண்டைக் குழியிலிருந்து விரலைக் கீழே இறக்குங்கள். நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் சேர்வது இரண்டாம் விலா, அதற்குக் கீழே இரண்டாம் இடைவெளி. அந்த இடைவெளியில் வலப்பக்கம் பெருநாடி வால்வுக்கு, இடப்பக்கம் நுரையீரல் நாடி வால்வுக்கு. நெஞ்செலும்பின் இடது கீழ் ஓரம் முக்கூர் வால்வுக்கு. ஐந்தாம் இடைவெளியில், கழுத்துப்பட்டை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே, மைற்றலுக்கு. கதவுகள் உண்மையில் அந்தந்த இடங்களுக்கு நேர் கீழே இல்லை. அவற்றின் சத்தம் இரத்தம் ஓடும் திசையில் போய்ச் சேரும் இடங்கள் இவை. ஆகவே இந்த நான்கில் மட்டும் நிற்காமல், குழாயை அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள்.

லப் எது, டப் எது

நாடி மெதுவாக அடித்தால் லப்புக்கும் டப்புக்கும் நடுவே குறுகிய இடைவெளியும் டப்புக்குப் பின் நீண்ட இடைவெளியும் இருக்கும். நாடி 100ஐத் தாண்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். காய்ச்சலோடு வரும் பிள்ளை, நிறைமாதத் தாய் எல்லாரும் அப்படித்தான். அப்போது கழுத்து நாடியில் ஒரு விரலை வையுங்கள். விரலில் துடிப்புத் தட்டும்போது கேட்பது லப். மணிக்கட்டு நாடி பிந்தி வரும், அதை நம்பாதீர்கள்.

அப்புறம் ஒன்றை மட்டும் கேட்கப் பழகுங்கள். முதலில் லப்பை மட்டும்: பலமா, மங்கலா? பிறகு டப்பை மட்டும்: ஒன்றா, மூச்சை இழுக்கும்போது இரண்டாகப் பிரிகிறதா? அப்படிப் பிரிவது இளவயதினருக்கு இயல்பு. பிறகு லப்–டப் இடைவெளி. கடைசியாக, அதிக நேரம் எடுத்து, டப்புக்குப் பின்னால் வரும் இடைவெளி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்க முயன்றால் ஒன்றும் கேட்காது. கோயில் மேளத்தில் தவிலோடு நாதஸ்வரமும் தாளமும் சேர்ந்து ஒலிக்கும்போது தாளத்தை மட்டும் காதால் பிரித்தெடுப்பது போன்ற பழக்கம் இது. வரக் கொஞ்ச மாதங்கள் பிடிக்கும்.

மைற்றல் ஒடுக்கம்: நான் தவறவிட்டது

இதைப் பற்றி நீளமாகவே எழுதப்போகிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரிக்கு, இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருந்த 26 வயதுத் தாய் ஒருவர் வந்தார். “ராவில படுக்கேலாமல் களைக்குது டொக்டர்” என்றார். முந்தைய குறிப்புகளில் தொய்வு (ஆஸ்துமா) என்று எழுதியிருந்தது. நெஞ்சில் கொஞ்சம் இழுப்பும் கேட்டது. நான் அவரைக் கதிரையில் இருத்தியபடியே, சட்டைக்கு மேலால், நான்கு இடத்தில் குழாயை வைத்துவிட்டு, இரைச்சல் இல்லை என்று எழுதி, தொய்வு மருந்தைத் தொடரச் சொன்னேன். இரண்டு கிழமையில் நுரையீரலில் நீர் கட்டி, நுரையாக இருமிக்கொண்டு திரும்பி வந்தார். நீர் வடிந்து அவர் படுக்கக்கூடியதாக வந்த பிறகு, மூத்த வைத்தியர் ஒருவர் அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழாயின் சிறிய பக்கத்தை இதய நுனியில் தொட்டாற் போல வைத்து, காதுமுனைகளை என்னிடம் தந்தார். தூரத்து வயலில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடுவது போல ஓர் உறுமல். முதல் நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த உறுமலை நான் மறக்கவில்லை.

ஆகவே களைப்பு என்று வரும் ஒவ்வொரு தாயையும் இப்படிப் பாருங்கள். இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லுங்கள். விரலால் இதய நுனித் துடிப்பைத் தேடி, சரியாக அதன் மேல் சிறிய பக்கத்தை மெல்ல வையுங்கள். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தைத் தவிர வேறெங்கும் இரைச்சல் கேட்காமல் போகலாம். களைப்பு அதிகமில்லாதவர் என்றால், ஏழெட்டுத் தடவை எழும்பி இருந்து படுக்கச் சொல்லிவிட்டு உடனே கேளுங்கள். இரத்த ஓட்டம் கூடினால் உறுமலும் கூடும்.

கேட்கும் ஒழுங்கு இது. லப் பலமாக, கதவை அறைவது போல இருக்கும். ஒடுங்கிய வால்வுக்குள்ளால் இரத்தம் கடைசி நொடி வரை போய்க்கொண்டிருப்பதால், அதன் இதழ்கள் அகலத் திறந்த நிலையிலிருந்து ஒரேயடியாகச் சாத்துகின்றன. பிறகு டப். டப்பை ஒட்டி ஒரு சிறு ‘டக்’, இறுகிய இதழ் திறக்கும்போது சொடுக்கும் சத்தம். அதன் பின் அந்த உறுமல், அடுத்த லப்புக்குச் சற்று முன் மறுபடி பலக்கும். டப்புக்கும் டக்குக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய, உறுமல் நீள நீள, ஒடுக்கம் கடுமையானது. நாடி தாறுமாறாக அடிக்கத் தொடங்கினால் அந்தக் கடைசிப் பலப்பு இல்லாமல் போகும். அந்த நிலையில் சோணையறையில் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகும் ஆபத்தும் உண்டு. வால்வு சுண்ணாம்பு பிடித்து இறுகிவிட்டால் பலமான லப்பும் டக்கும்கூட மங்கிவிடும். கன்னம் சிவந்திருக்கும் என்று புத்தகத்தில் இருக்கும், எங்கள் தோல் நிறத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் இது ஏன் வெளிக்கிளம்புகிறது? உடலில் ஓடும் இரத்தம் 40 முதல் 50 வீதம் வரை கூடுகிறது, நாடியும் வேகமாகிறது. வேகமானால் முதலில் குறைவது டப்புக்குப் பின்னால் உள்ள ஓய்வு நேரம். ஒடுங்கிய வாசலால் இரத்தம் இறங்கக் கிடைப்பதே அந்த நேரம்தான். இறங்காத இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. கர்ப்பமில்லாதபோது ஒன்றும் தெரியாமல் வயலில் வேலை செய்தவர், ஆறாம் மாதத்தில் திடீரென்று மூச்சு முட்டி வருவது இதனால்தான்.

எங்கிருந்து வருகிறது

தொண்டை நோவில் தொடங்குகிறது. ஸ்ரெப்ரொகொக்கஸ் கிருமியால் வந்த தொண்டை நோ மாறி இரண்டு மூன்று கிழமையில், காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால், முழங்கை என்று இடம் மாறி மாறி உழைவும் வீக்கமும் வரும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு. மூட்டு வீக்கம் தழும்பில்லாமல் ஆறிவிடும். வால்வு ஆறாது, இதழ்கள் ஒட்டித் தடித்துப்போகும். மூட்டை நக்கி இதயத்தைக் கடிக்கும் நோய் என்று பழைய வைத்தியர்கள் சொல்வார்கள். மறுபடி வராமல் தடுக்க மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, பல வருடங்கள், வால்வு பழுதானவர்களுக்கு 40 வயது வரைகூட.

வன்னியில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: “சின்னனில மாசா மாசம் ஊசி போட்டனீங்களோ? எப்ப விட்டது?” 2008, 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்து நடந்த காலத்தில் கிளினிக் கொப்பியைத் தேட யாருக்கும் முடியவில்லை. அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று உங்கள் தாய்மார் கிளினிக்கில் இருக்கக்கூடும். தன் நோயின் பெயர் அவருக்கே தெரியாது, ஊசியின் நோ மட்டும் நினைவிருக்கும்.

மற்றக் கதவுகள்

மைற்றல் ஒழுக்கு பிடிப்பதற்குச் சுலபம். லப்பிலேயே தொடங்கி டப் வரை ஒரே அளவில் ஊதும், இடது கமக்கட்டுப் பக்கம் போகும், லப் மங்கியிருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மாரடைப்பு வந்து சில நாட்களில் வால்வைத் தாங்கும் தசை அறுந்து திடீரென்று ஒழுகினால், இரைச்சல் குறுகியதாக, மெல்லியதாகத்தான் இருக்கும், சிலவேளை கேட்கவே கேட்காது. ஆளோ மூச்சுக்குத் தவிப்பார். இரைச்சலின் பலத்தை வைத்து நோயின் பலத்தை அளக்க முடியாது.

பெருநாடி வால்வு ஒடுக்கத்திலும் அதே பாடம்தான். இது பெரும்பாலும் வயதானவர்களுக்கு, வால்வில் சுண்ணாம்பு படிவதால் வருவது. பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ் உள்ளவர்களுக்கு முந்தியே வரும். மரம் அரிவது போலக் கரடுமுரடான சத்தம், லப்புக்குப் பின் தொடங்கி ஏறி இறங்கும், கழுத்துக்குப் போகும். ஒடுக்கம் கூடக் கூட அந்த ஏற்றத்தின் உச்சி பிந்திவரும், டப் மங்கும், கழுத்து நாடி சோம்பலாக எழும்பும். கடைசியில் இதயவறை களைத்துவிட்டால் தள்ளப் பலமில்லாமல் இரைச்சலே குறைந்துவிடும். முதியவர் ஒருவர் வரப்பில் நடக்கும்போது மயங்கி விழுந்தார் என்று கொண்டுவந்தால், வெயில் என்று முடிவுகட்டுவதற்கு முன் கழுத்தில் ஒரு தடவை குழாயை வையுங்கள். வேலை செய்யும்போது மயக்கம், நெஞ்சு நோ, களைப்பு மூன்றில் ஒன்று வந்தாலும் அது காத்திருக்கக்கூடிய நோயல்ல. இந்த இரைச்சலின் கீச்சுப் பகுதி இதய நுனியில் மட்டும் கேட்டு, மைற்றல் ஒழுக்கு என்று உங்களை எண்ணவைக்கவும் கூடும்.

பெருநாடி வால்வு ஒழுக்கைத் தேடிப் போனால்தான் கிடைக்கும். ஆளை முன்னுக்குச் சாய்ந்து இருக்கச் சொல்லுங்கள், மூச்சை முழுதாக விட்டு நிறுத்தச் சொல்லுங்கள், தகட்டை நெஞ்செலும்பின் இடது ஓரம் மூன்றாம் இடைவெளியில் நன்றாக அழுத்துங்கள். டப் முடிந்த கையோடு, பெருமூச்சு விடுவது போல ‘ஹா…’ என்று தேய்ந்து போகும். நீங்களும் கூடவே மூச்சைப் பிடியுங்கள். உங்களுக்கு முட்டும்போது அவருக்கும் முட்டும், அப்போது விடச் சொல்லலாம். இரத்த அழுத்தம் 160க்கு 50 என்று மேலும் கீழும் தூரமாக இருந்தால் இந்தச் சத்தத்தைத் தேடாமல் விடாதீர்கள்.

வலப்பக்கக் கதவுகளின் இரைச்சல் மூச்சை இழுக்கும்போது கூடும். முக்கூர் வால்வு ஒழுகுபவர்களின் கழுத்து நாளம் பெரிதாக அலையடிப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இந்த மண்ணில் இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டுக் காயத் தழும்பின் மேல் ஒருமுறை குழாயை வைத்துப் பாருங்கள். இரத்தத்தைக் கொண்டுபோகும் நாடியும் திருப்பிக் கொண்டுவரும் நாளமும் காயத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், லப் டப் இரண்டையும் மூடிக்கொண்டு இயந்திரம் ஓடுவது போல இடைவிடாத இரைச்சல் கேட்கும். பெரிதானால் அது இதயத்தையே களைக்கவைக்கும்.

நோயில்லாத இரைச்சல்

இரத்தம் குறைந்தவர், காய்ச்சல்காரர், கர்ப்பிணி, மெலிந்த பிள்ளை, எல்லாரிடமும் இரைச்சல் கேட்கலாம். அது லப்–டப்புக்கு நடுவே மட்டும், மெல்லியதாக, குறுகியதாக இருக்கும். அதிர்வு தெரியாது. பிள்ளைகளில் நரம்பிசை போல இனிமையாகவே ஒலிக்கும், எழும்பி இருந்தால் குறையும். டப்புக்குப் பின்னால் வரும் இரைச்சலை ஒருபோதும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தாய்க்குச் சொல்லும்போது சொல்லைப் பார்த்துப் பாவியுங்கள். “சத்தம் ஒண்டு கேக்குது” என்று அரைகுறையாக விட்டால், வீட்டுக்குப் போகும் முன் அது ‘இதயத்தில ஓட்டை’ ஆகிவிடும். பிள்ளையை விளையாட விடமாட்டார்கள், பெண்பிள்ளை என்றால் பிற்காலத்தில் கலியாணப் பேச்சிலும் வந்து நிற்கும். நோயில்லை என்று நிச்சயமானால் நோயில்லை என்றே சொல்லுங்கள். நிச்சயமில்லை என்றால், ஒருமுறை பார்த்துத் தெளிவோம் என்று சொல்லி அனுப்புங்கள்.

யாரை, எவ்வளவு அவசரமாக

டப்புக்குப் பின் இரைச்சல் உள்ள எல்லாரையும் எக்கோவுக்கு அனுப்ப வேண்டும். அதிர்வு தெரிபவர்களையும், இரைச்சலோடு களைப்போ மயக்கமோ உள்ளவர்களையும் அப்படியே. கர்ப்பிணிக்கு இது பொறுத்திருக்கக்கூடிய விடயமே அல்ல, அந்தக் கிழமைக்குள் பார்க்கப்பட வேண்டும்; படுக்க முடியாமல் களைத்தால் அன்றைக்கே. வால்வு நோயுள்ளவர் ஒருவருக்கு நாட்கணக்கில் விடாத காய்ச்சல் என்றால் வால்வில் கிருமி பிடித்திருக்கலாம். அன்ரிபயோட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், இரத்த வளர்ப்புப் பரிசோதனை செய்யக்கூடிய இடத்துக்கு அனுப்புங்கள்.

உலோக வால்வு பொருத்தியவர்களைப் பயப்படாமல் கேளுங்கள். மணிக்கூடு போலத் துல்லியமாகச் சொடுக்கும். இரவில் பக்கத்தில் படுப்பவருக்கே கேட்கிறது என்பார்கள். அந்தச் சொடுக்கு மங்கி, கூடவே களைப்பும் வந்தால், வால்வில் இரத்தக்கட்டி பிடித்திருக்கலாம். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வோபரின் குளிசையை விட்டாரா என்று கேட்டுவிட்டு உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கடிதத்தில் ‘மேர்மர் உண்டு’ என்று மட்டும் எழுதாதீர்கள். அங்கே பார்ப்பவருக்கு அது உதவாது. இப்படி எழுதுங்கள்: டப்புக்குப் பின் தாழ்ந்த உறுமல், இதய நுனியில், இடப்பக்கம் ஒருக்களித்தபோது மட்டும், லப் பலம், நாடி ஒழுங்கு, 24 கிழமைக் கர்ப்பம், படுத்தால் களைப்பு. அதன் கீழே, அவரோடு வரும் ஆளின் தொலைபேசி இலக்கத்தையும், அவருடைய ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.